புதுப்பிப்பு: ஸ்கேனில் இரட்டைக் குமிழி, இப்போது மகள் கையில்

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் வயிற்றில் இரண்டு கருப்புக் குமிழிகள் தெரிகின்றன, பனிக்குட நீரும் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தேன். டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான்: முன்சிறுகுடல் அடைப்பு, அதாவது இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் அடைப்பு. ஒரு குமிழி இரைப்பை, மற்றது அடைப்புக்கு மேலே வீங்கிய குடல். குழந்தை விழுங்கும் நீர் கீழே இறங்காததால்தான் பனிக்குட நீர் கூடுகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்; பெரும்பாலும் 24 வாரங்களுக்குப் பிறகுதான் இது தெளிவாகத் தெரியும். இந்த அடைப்புள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறைபாடு) இருக்கும் என்பதால் பனிக்குட நீரைப் பரிசோதித்தார்கள். நார்மல். அந்த முடிவு வரும்வரை தூக்கமே இல்லை.

பிறந்ததும் பால் கொடுக்காமல், குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்து, மறுநாளே அறுவை சிகிச்சை. இப்போது தாய்ப்பால் குடிக்கிறாள். இப்படி ரிப்போர்ட் வந்தால், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனையிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.