ஆளவந்தார் கொலை வழக்கு: மானாமதுரை முதல் தனுஷ்கோடி வரை இன்று என்ன பார்க்கலாம்?

உச்சிப்புளி_வாசகன்:
ராமநாதபுரத்திலிருந்து நாலு பேர் காரில் கிளம்புகிறோம். 1952-ல் கொலையான சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தாரின் தலையில்லாத உடல் இருந்த பெட்டி போட் மெயிலில் (இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுபோன ரயிலில்) வந்ததே, அந்தத் தடத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப வேண்டும். பெட்டி தனுஷ்கோடியில் கிடைத்தது என்கிறார் ஒரு கைடு, ராமேஸ்வரம் ஸ்டேஷன் என்கிறது ஒரு யூடியூப் வீடியோ. எது சரி? அந்த இடங்களில் பார்க்க இப்போது ஏதாவது இருக்கிறதா? டிரோன் கொண்டுவரலாமா?

மீட்டர்கேஜ்:
இரண்டுமே தப்பு. பெட்டி கிடைத்தது மானாமதுரையில். பாம்பன் பாலத்தை அது பார்க்கவே இல்லை.

ஆளவந்தார் காணாமல் போனது 1952 ஆகஸ்ட் 28. கொலை நடந்தது சென்னை ராயபுரத்தில். அன்றிரவு எழும்பூரிலிருந்து புறப்பட்ட வண்டியில் ஏற்றிவிடப்பட்ட பெட்டியை மறுநாள் மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். தலை தனியாக ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தது சென்னை மருத்துவக் கல்லூரி. கடைசி ஸ்டேஷன் தனுஷ்கோடி என்பதால் கதையையும் அங்கேயே கொண்டுபோய் முடித்துவிடுகிறார்கள். இடிபாடும் கடலும் வீடியோவுக்கு எடுப்பாக இருக்கிறதல்லவா!

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மானாமதுரை அன்று ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் பிரித்தபோதுதான் சிவகங்கைக்குப் போனது. "ராமநாதபுரம் மாவட்டத்தில் பெட்டி" என்று பழைய எழுத்தில் இருப்பதை, இன்றைய மாவட்டத்தை மனதில் வைத்துப் படித்தால் கடற்கரைக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

மானாமதுரை ஜங்ஷனில் அறிவிப்புப் பலகை எதையும் தேடாதீர்கள். அந்தக் காலத்து மீட்டர்கேஜ் போய்விட்டது. ராமேஸ்வரம் வரை அகலப்பாதை ஆனது 2007-ல். ஆனால் பாதைகள் பிரியும் அமைப்பைப் பார்த்தால் வழக்கு புரியும். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக வரும் பாதைதான் போட் மெயில் வந்த பாதை. மதுரைப் பாதை இங்கே வந்து சேர்கிறது. விருதுநகர்ப் பாதை அறுபதுகளில் வந்தது, அதை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். இப்போதைய போட் மெயிலில் வந்தால் மானாமதுரை இருட்டிலேயே கடந்துவிடும். பகலில் பார்க்க மதுரை–ராமேஸ்வரம் பாசஞ்சர் போதும். காரில் போகிறவர்கள் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், விலை 10 ரூபாய். டிரைபாட் விரித்தால் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) வந்து நிற்கும்.

ஆண்கடல்_பெண்கடல்:
மேலே சொன்னது சரி. கடற்கரைப் பகுதிக்கு நான் சேர்க்கிறேன்.

அன்றைய போட் மெயில் ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கே போகாது. பாம்பன்தான் ஜங்ஷன். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு கிளை, தனுஷ்கோடிக்குச் சுமார் 24 கிலோமீட்டரில் இன்னொன்று. தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னார் கப்பல் ஏறுவார்கள். 'இர்வின்', 'கோஷன்' என்ற நீராவிக் கப்பல்கள் ஓடிய காலம். 1964 டிசம்பர் புயலோடு அந்தப் பாதை போனது, ராமேஸ்வரக் கிளை மட்டும் பிழைத்தது. ஆகவே இன்றைய ராமேஸ்வரம் ஸ்டேஷனில் நின்று "இங்கேதான்" என்பது இரட்டைத் தப்பு.

டிரோனை வீட்டிலேயே வையுங்கள். உங்கள் ஊரிலேயே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது, பாம்பன் பாலமும் பாதுகாப்புக்குரிய இடம். பறக்கவிட்டால் பறிமுதலோடு முடியாது. 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் காரை ஓரங்கட்டிப் படம் எடுப்பவர்களுக்கும் அபராதம் உண்டு. பாலத்தைத் தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் தெரியும். பெட்டி போயிருக்க வேண்டிய வழி அதற்கு முன்னிருந்த 1914 பாலம்.

மண்டபம் முகாம் பக்கம் கேமரா வேண்டாம். இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களை அன்று தடுத்துவைத்துச் சோதித்த இடம் அது, இன்று அகதிகள் இருக்கிறார்கள். என் கணக்கு இதுதான்: மானாமதுரையில் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தாலும், ஆளில்லாத பெட்டி கப்பல் ஏறியிருக்காது. சோதனையில் அகப்பட்டிருக்கும்.

உச்சிப்புளி_வாசகன்:
நன்றி அண்ணே. அப்படியானால் தனுஷ்கோடியை விட்டுவிடலாமா? போனால் எந்த நேரம் சரி?

ஆண்கடல்_பெண்கடல்:
விட வேண்டாம் தம்பி. வண்டி எங்கே போய் முடிந்தது என்று தெரிந்துகொள்ளப் போங்கள், கொலை நடந்த இடமாக நினைத்துப் போகாதீர்கள். அங்கே இடிந்து நிற்பவை 1964-ல் செத்தவர்களின் ஊர். பெட்டியோடு போய் "நடித்துக் காட்டுகிற" ரீல்ஸ் வேலை அங்கே வேண்டவே வேண்டாம்.

ராமநாதபுரத்திலிருந்து காலை ஆறுக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் மானாமதுரை. ஒன்பதுக்குத் திரும்பினால் பரமக்குடி, ராமநாதபுரம் வழியாகப் பதினொன்றரை வாக்கில் பாம்பன். அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் உச்சி வெயிலில் தனுஷ்கோடி மணலில் நிற்பீர்கள், நிழலே கிடையாது. ராமேஸ்வரத்தில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அங்கே இருங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் சோதனைச் சாவடியில் உள்ளே விட மாட்டார்கள், போனவர்களையும் இருட்டுவதற்குள் வெளியேற்றிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மீன் வறுவல் கடைகள் உண்டு, தங்க இடம் கிடையாது.

முதலில் ரயில் நிலைய இடிபாடு, தண்ணீர்த் தொட்டி. மாதா கோயிலை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். அரிச்சல்முனை கடைசியாக. அங்கே இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், முழங்கால் அளவுக்குக்கூட இறங்காதீர்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணல் சாலையை மூடும், பைக்கில் போகிறவர்கள் சறுக்குவது அதில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும்.

நூலகப்பூனை:
சென்னை போகும்போது மிச்சத்தையும் முடித்துவிடுங்கள். ஆளவந்தார் பேனா விற்ற ஜெம் அண்ட் கோ பாரிமுனையில் இருக்கிறது. அன்று சைனா பஜார் ரோடு, இன்று என்.எஸ்.சி. போஸ் சாலை. விசாரணை நடந்த உயர் நீதிமன்றமும் அருகிலேயே. நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர், ஜூரி முறை இருந்த காலம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட தம்பதியில் கணவனுக்கு ஏழு ஆண்டு சிறை, மனைவிக்கு மூன்று ஆண்டு. ராயபுரத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி "எந்த வீடு" என்று கேட்காதீர்கள், அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன.

கிளம்புமுன் 1952 ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரப் பத்திரிகைகளை கன்னிமரா நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ கேட்டுப் படியுங்கள். மாவட்ட ஆவணம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அன்று ராமநாதபுரம் மாவட்டத் தலைமையகமே மதுரையில்தான் இருந்தது.

உச்சிப்புளி_வாசகன்:
கடைசியாக ஒன்று. தனுஷ்கோடி மணலில் பழைய ரயில் இரும்பு கிடைத்தால் எடுத்து வரலாமா? கூட வருகிறவர் கேட்கிறார்.

மீட்டர்கேஜ்:
கூடாது. இரும்பு ரயில்வே சொத்து. பவளத்தைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. அவரை மானாமதுரையில் கடம் செய்கிற இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பானை வாங்கிக் கொடுங்கள்.