தாள் தீர்ந்தால் தராசும் நின்றுவிடுகிறது: பைத்தான் திரெட் சிக்கல்

தேன்குழல், காரைக்குடி:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா நடத்தும் பலகாரக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பைத்தான் நிரல் தொல்லை கொடுக்கிறது. மின்னணுத் தராசும் லேபிள் பிரிண்டரும் தனித்தனி சீரியல் போர்ட்டில் ஒரே விண்டோஸ் கணினியோடு இணைந்திருக்கின்றன. ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) பைசீரியல் என்ற போர்ட் நூலகம் வழியாகத் தராசைப் படிக்கிறது, இன்னொன்று லேபிள் அச்சிடுகிறது, முதன்மைத் திரெட் டிகின்டர் (பைத்தானின் திரை நூலகம்) திரையில் எடையையும் விலையையும் காட்டுகிறது. சீப்புச் சீடையும் மணகோலமும் கால் கிலோ பொட்டலங்களாகப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பிரிண்டரில் தாள் தீர்ந்தால், திரை முழுவதும் உறைந்து எடையும் மாறாமல் நின்றுவிடுகிறது. சுருளை மாற்றியதும் எதுவுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்குகிறது. தராசை அணைத்துவிட்டுத் திரையை மூடினால் நிரல் முடிவதில்லை. டாஸ்க் மேனேஜரில் நிறுத்தாமல் மறுபடி திறந்தால், போர்ட்டுக்கு அனுமதி இல்லை என்று பிழை வருகிறது. ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டான பைத்தானின் ஜிஐஎல்தான் காரணம், வேலைகளைத் தனித்தனி பிராசஸாக ஓட்டும் மல்டிபிராசஸிங்குக்கு மாற்று என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

ஆத்தங்குடியான்:

வேண்டாம். போர்ட்டுக்காகவோ சாக்கெட்டுக்காகவோ (நெட்வொர்க் இணைப்பு) காத்திருக்கும் திரெட் ஜிஐஎல்லை விட்டுவிட்டுத்தான் காத்திருக்கும். ஆகவே நண்பர் காட்டும் இடத்தில் குற்றம் இல்லை. ஊகிப்பதை விட, திரை உறைந்திருக்கும்போதே ஓடும் பைத்தான் நிரலை வெளியிலிருந்து பார்க்கும் பை-ஸ்பை கருவியின் டம்ப் கட்டளையை அந்தப் பிராசஸ் எண்ணோடு இயக்கி, ஒவ்வொரு திரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். நிரலைத் திருத்தாமலே அது காட்டிவிடும்.

தேன்குழல்:

பார்த்தேன். அச்சுத் திரெட் பிரிண்டரின் ரைட் அழைப்பில் நிற்கிறது. தராசுத் திரெட், முதன்மைத் திரெட் இரண்டும் ஒரே லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) காத்திருக்கின்றன. எடை, விலை, லேபிள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே லாக் வைத்திருந்தேன்.

ஆத்தங்குடியான்:

நோய் அதுதான். ஹேண்ட்ஷேக் (அனுப்பு, நிறுத்து என்று சைகை காட்டும் முறை) இயங்கும் பிரிண்டர், தாள் தீர்ந்ததும் தரவை வாங்க மறுக்கிறது. பைசீரியலில் எழுதுவதற்கான டைம்அவுட்டை நாமாகக் கொடுக்காவிட்டால் ரைட் முடிவில்லாமல் காத்திருக்கும். நீங்கள் லாக்கைக் கையில் பிடித்தபடி அந்த ரைட்டுக்குள் நுழைகிறீர்கள். சாவியை மடியில் கட்டிக்கொண்டு ஒருவர் வெளியூர் போய்விட்டால் வீட்டார் எல்லோரும் முகப்பிலேயே நிற்க வேண்டியதுதான். எடை மதிப்பை எழுதவும் நகலெடுக்கவும் மட்டும் லாக்கை எடுங்கள். போர்ட்டைத் தொடும் எந்த வரியும் அதற்குள் இருக்கக் கூடாது. லேபிளை ஒரு கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டுவிட்டு முதன்மைத் திரெட் தன் வேலையைப் பார்க்கட்டும். அச்சுத் திரெட் அதிலிருந்து எடுத்து அச்சிடட்டும். ஒரு எச்சரிக்கை: கியூவுக்கு அளவு வைத்தால், நிரம்பியபின் அதில் போடும் புட் அழைப்பும் காத்திருக்கத் தொடங்கி, பழைய சிக்கல் வேறு வாசல் வழியாக வந்துவிடும். அங்கே காத்திருக்காத புட்டைப் பயன்படுத்தி, நிரம்பியிருந்தால் 'தாளைப் பாருங்கள்' என்று திரையில் காட்டிவிடுங்கள்.

கோவிலூர் வாசகி:

அண்ணன் சொன்னதோடு, நிரல் மூடாத சிக்கலுக்கு என் பங்கு. அணைத்த தராசிலிருந்து எதுவும் வராது. டைம்அவுட் இல்லாத ரீட்லைன் (ஒரு வரி முழுதாக வரும்வரை படிக்கும் அழைப்பு) அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். திரெட்டை டீமன் (நிரல் முடிய அது காத்திருக்க வைக்காத திரெட்) ஆக்கினால் நிரல் முடியும், ஆனால் அது பாதி வேலையில் அறுந்துபோகும் என்பதால் எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை. படிக்கும் டைம்அவுட்டை 0.5 வினாடியாக வைத்து, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் 'நிறுத்து' என்ற ஈவென்ட்டை (திரெட்டுகள் பகிரும் கொடி) சோதித்து, போர்ட்டை ஒழுங்காக மூடிவிட்டு வெளியேறுங்கள்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. டைம்அவுட் வைத்த ரீட்லைன், வரி முடிவதற்குள் நேரம் தீர்ந்தால் அதுவரை வந்த துண்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பும். தராசு 0.250 என்று அனுப்பும்போது உங்களுக்கு 0.2 வரை மட்டும் கிடைத்தால், கால் கிலோ பொட்டலத்துக்கு 200 கிராம் விலை ஒட்டப்படும். மீதித் துண்டோ அடுத்த முறை தனி எடையாக வந்து நிற்கும். ஆகவே வந்த பைட்டுகளை ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்துக்கொண்டே வந்து, வரி முடிவுக் குறி கிடைத்த பிறகே எண்ணாக மாற்றுங்கள். எடையோடு அது வந்த நேரத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டு வினாடிக்கு மேல் பழையதானால் திரையில் வெற்றுக் கோடு காட்டுங்கள்; கேபிள் கழன்ற பிறகும் பழைய எடை நின்றுகொண்டிருப்பதை விட அது நல்லது. டிகின்டர் திரையை முதன்மைத் திரெட் மட்டுமே, சற்று நேரம் கழித்து ஒரு செயலை இயக்கும் ஆஃப்டர் அழைப்பு வழியாகப் புதுப்பிக்கட்டும்.

ஆத்தங்குடியான்:

துண்டு வரி விஷயத்தை நான் மறந்தே போனேன், நன்றி. பின்னாளில் லினக்ஸில் சாக்கெட் பக்கம் போனால் இதையும் நினைவில் வைத்திருங்கள்: ரிசீவில் (தரவு பெறும் அழைப்பில்) காத்திருக்கும் திரெட்டை, வேறு திரெட்டிலிருந்து க்ளோஸ் செய்து எழுப்ப முடியும் என்று நம்பக் கூடாது. சாக்கெட்டின் ஷட்டவுனை அழைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

தேன்குழல்:

செய்து பார்த்துவிட்டேன். கடையை அடைத்த பிறகு வேண்டுமென்றே தாளை உருவிவிட்டு ஆறு பொட்டலங்களை நிறுத்தேன். எடை தடையின்றி மாறியது, திரையில் தாள் எச்சரிக்கை வந்தது. எழுதும் டைம்அவுட்டை மூன்று வினாடியாக வைத்திருந்தேன். சுருளை மாட்டியதும் ஆறு லேபிள்களும் வந்தன, ஆனால் முதல் லேபிள் இரண்டு முறை அச்சானது.

கோவிலூர் வாசகி:

டைம்அவுட் ஆன ரைட், அதற்குள் கொஞ்சம் பைட்டுகளைப் பிரிண்டருக்கு அனுப்பியிருக்கக்கூடும். நீங்கள் முழு லேபிளையும் மறுபடி அனுப்பியிருப்பீர்கள். டைம்அவுட் வந்த லேபிளைத் தானாகத் திருப்பி அனுப்பாமல், அச்சானதா என்று பெரியம்மாவிடம் திரையில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தேன்குழல்:

அதே வரிதான். மாற்றிவிட்டேன், இப்போது ஒன்றுக்கு ஒன்றாகவே வருகிறது.