காய்ச்சலும் பாய்ச்சலும்: யூரியாவால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுமா?

கடைமடை_மேலூர்:
நெல் வயலைக் காய விட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும் என்கிறார்கள். ஆனால் காய்ந்த மண்ணில் யூரியா நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புமாமே, கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடு? அப்புறம் என்ன லாபம்? ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போடுகிறோம். போர் தண்ணீர் உண்டு.

கரிசல்காடு:
கூடும்தான், ஆனால் கணக்கைப் பாருங்க. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2019 காரணிப்படி, தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் வயலில் போட்ட தழைச்சத்தில் 0.3%, காய விடும் வயலில் 0.5% நைட்ரஸ் ஆக்சைடாகிறது. உங்க 60 கிலோவுக்கு, கரியமில வாயுக் கணக்கில் 77 கிலோவாக இருப்பது 129 கிலோ ஆகும். மீத்தேனோ 100 நாளில் ஏக்கருக்கு 34 கிலோ வருவது 19 கிலோவாக இறங்கும். அதைக் கரியமில வாயுக் கணக்கில் பார்த்தால், அது மட்டுமே 400 கிலோவுக்கு மேல் மிச்சம். புன்செய் பருத்திக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே மிச்சம் பிடிக்க மீத்தேனே இல்லை.

வைகைக்கரை:
அண்ணன் சொன்னது சராசரி. யூரியா போட்ட கையோடு காய விட்டால் சராசரி நிற்காது. யூரியாவிலிருந்து வரும் அமோனியம், காற்றுப்பட்ட மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிடும். மறுபடி தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட்தான் வாயுவாகப் போகும். வாயுவும் போச்சு, காசும் போச்சு.

அதனால் மேலுரத்துக்கு (பயிர் வளரும்போது போடும் உரத்துக்கு) முன் நீரை வடித்து, சேறு ஈரமாக இருக்கும்போதே யூரியாவைத் தூவி, உடனே 2–5 செ.மீ. தண்ணீர் கட்டுங்க. ஒரு வாரம் அப்படியே நிற்கட்டும், பிறகு காயட்டும். நின்ற தண்ணீரில் வீசினால் மதிய வெயிலில் அமோனியாவாகப் பறந்துவிடும்.

காய்ச்சலுக்கு அளவு: 30 செ.மீ. பி.வி.சி. குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. பாதியை மண்ணில் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்க; அள்ளாவிட்டால் குழாய் பொய் சொல்லும். உள்ளே நீர், தரைக்குக் கீழே 15 செ.மீ. போனால் பாய்ச்சணும். பூக்கும் முன்னும் பின்னும் ஒரு வாரம் காய விடவே கூடாது.

கடைமடை_மேலூர்:
யூரியாவைக் குறைக்க வழி? வேப்பெண்ணெய் பூசினது வாங்கலாமா?

வைகைக்கரை:
2015-லிருந்து மானிய யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசினதுதான் தம்பி, தனியா தேட வேண்டாம். இலை வண்ண அட்டை வாங்குங்க; இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க, எண் போட்ட பச்சை நிறங்கள் அதில் இருக்கும். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8–10 மணிக்கு, உங்க நிழலில் வைத்து 10 இலை பாருங்க. ஆறு இலையாவது 4-க்குக் கீழே இருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு 3) ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. இல்லாவிட்டால் மூட்டையைப் பிரிக்காதீங்க.

கரிசல்காடு:
ஒன்று விட்டுப்போச்சு: போர் இல்லாமல் பெரியாறு கால்வாய் முறைத்தண்ணீரை மட்டும் நம்பினால் 15 செ.மீ. வரை இறக்காதீங்க. அடுத்த முறை தள்ளிப்போனால் பயிர் வாடிவிடும்.