கஞ்சிக்கோட்டில் எனக்கு வேலை, பீளமேட்டில் மனைவிக்கு வேலை: வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?

கோபிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கேரளாவில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டும். இப்போது கோயமுத்தூர் சரவணம்பட்டியில் வாடகைக்கு இருக்கிறோம், இதுவரை வேலை அந்தப் பக்கமே இருந்ததால் சிரமம் தெரியவில்லை. மனைவிக்குப் பீளமேட்டில் வேலை. நல்ல வேலை, அதை விடச் சொல்ல எனக்கு மனசில்லை, அவருக்கும் விட விருப்பமில்லை. பையன் நாலாம் வகுப்பு முடிக்கப் போகிறான். அப்பா அம்மா கோபியில் தோட்டத்தில் இருக்கிறார்கள், அப்பாவை அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டியிருக்கும், கோபி பஸ் காந்திபுரம் வந்து நிற்பதால் இங்கே இருப்பது அதற்கு வசதியாக இருந்தது.

சரவணம்பட்டியிலிருந்து தினமும் கேரளா போய் வருவது நடக்காது என்று எனக்கே தெரிகிறது. போத்தனூர், குனியமுத்தூர், கோவைப்புதூர், மதுக்கரை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பாலக்காட்டுக்கே போய்விடு, வாடகை குறைவு என்கிறார் ஒரு நண்பர். கார் இருக்கிறது, பைக்கும் இருக்கிறது. கம்பெனி வேன் உண்டு என்றார்கள், எந்த வழியாக வருகிறது என்று இன்னும் கேட்கவில்லை. அப்புறம் இன்னொன்று, மாநிலம் விட்டு மாநிலம் தினமும் போய் வருவதில் வண்டி, வரி, செக்போஸ்ட் என்று தொல்லைகள் உண்டா? இப்படிப் போய் வருகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

போத்தனூர்வாசி:

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தைத் தின்னப் போவது எல்லையில் இருக்கிற வாளையார் இல்லை, உக்கடம்தான். வாளையாரில் 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனை வரிச் சோதனை போய்விட்டது, அதற்கு முன்னால் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற இடம் அது. இப்போது கார்க்காரர்களுக்கு எல்லை வந்ததே தெரியாது, போர்டில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் காலை எட்டு மணிக்குக் காந்திபுரத்திலிருந்து ஆத்துப்பாலம் தாண்டுவது வேறு கதை. 2024 ஆகஸ்ட்டில் உக்கடம் மேம்பாலம் திறந்தது பெரிய விடுதலைதான், நான் மறுக்கவில்லை, ஆனாலும் டவுன்ஹால் பக்கமிருந்து பாலத்தில் ஏறும் வரைக்கும் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. அதனால் வீடு உக்கடத்துக்குத் தெற்கேயோ தென்மேற்கேயோ இருக்க வேண்டும். இது மட்டும் பேரம் பேசாத விஷயம், மற்றதெல்லாம் உங்கள் வசதி.

உங்கள் இருவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் நான் போத்தனூரைத்தான் சொல்வேன். இங்கிருந்து உங்கள் மனைவி உக்கடம் பக்கமே போக வேண்டாம், நஞ்சுண்டாபுரம் வழியாக ராமநாதபுரம், புலியகுளம் என்று பீளமேடு போய்விடலாம். நீங்கள் சுந்தராபுரம் வந்து மதுக்கரை மார்க்கெட் ரோட்டைப் பிடித்தால் நேராகப் பாலக்காடு ரோட்டில் ஏறிவிடலாம். ஒருவர் வடக்கே, ஒருவர் மேற்கே, இரண்டு பேருமே ஊருக்குள் புகாமல் போகிற மாதிரி அமைவது இந்தப் பக்கத்தில்தான்.

ரயிலும் ஒரு காரணம். 1862லேயே பட்டாம்பிக்கு லைன் போட்ட ஊர் இது, கேரளா போகிற பல வண்டிகள் கோவை ஜங்ஷனுக்குள் போகாமல் இருகூர் வழியாகப் போத்தனூரைத் தொட்டுவிட்டுத்தான் போகின்றன. ஆனால் கஞ்சிக்கோட்டில் பெரும்பாலான எக்ஸ்பிரஸ் நிற்காது, பாசஞ்சரும் மெமுவும் (குறைந்த தூர மின்சார ரயில்)தான் நிற்கும். அதனால் ஷிப்ட் நேரத்துக்கு ஒத்துவருகிற பாசஞ்சர் போக ஒன்று, திரும்ப ஒன்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரயிலை நம்ப வேண்டும். இருந்தால் மாத சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், அதைவிட மலிவு எதுவும் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து ஃபேக்டரி வாசல் எவ்வளவு தூரம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை நீளமானது, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ தேடுகிற நிலை வந்தால் ரயிலில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளலூர் குப்பைக் கிடங்கு. காற்று திரும்பினால் நாற்றம் வரும், எந்தத் தெருவில் வருகிறது, எதில் வரவில்லை என்பதைச் சாயங்காலம் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். 2024ல் அங்கே தீப்பிடித்தபோது சுற்று வட்டாரம் முழுக்கப் புகை. ஆஸ்துமா இருக்கிற வீடு என்றால் வெள்ளலூர் ரோடு பக்கம் வேண்டவே வேண்டாம்.

கோவைப்புதூர் அம்மிணி:

போத்தனூர்வாசி சொன்ன உக்கடம் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் கோவைப்புதூரைத்தான் சொல்வேன். என் வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில்தான் வேலை பார்க்கிறார், நான் ரேஸ்கோர்ஸ் பக்கம் போய் வருகிறேன், எங்கள் வீடும் கிட்டத்தட்ட உங்கள் வீடு மாதிரிதான். இங்கிருந்து கஞ்சிக்கோடு சுமார் 30 கிலோமீட்டர், பாலக்காடு ரோடு நல்ல ரோடு, அவர் போவது ஒரு நாளும் எனக்குக் கவலையாக இருந்ததில்லை. சிரமம் என் பக்கம்தான். அதனால் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டர் போவதை விட ஊருக்குள் 15 கிலோமீட்டர் போவது உடம்பை அதிகம் அலுக்க வைக்கும், அதையும் செய்துவிட்டு வந்து சமையலும் பையனின் வீட்டுப்பாடமும் அவர் தலையில் விழுந்தால் எந்த ஊரும் நல்ல ஊராக இருக்காது. ஸ்கூல் யாருடைய வழியில் இருக்கிறது, சாயங்காலம் பையனை யார் முதலில் போய்க் கூப்பிட முடியும், அதை வைத்துத் தெருவைத் தேர்ந்தெடுங்கள். வாடகை இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

அவினாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு உப்பிலிபாளையத்திலிருந்து பீளமேடு பக்கம் போவது எவ்வளவோ தேவலை. ஆனால் அங்கே போய்ச் சேரும் வரைக்கும் உள்ள பாதை எங்களுக்கு இன்னும் அதே உக்கடம்தான்.

பைக்கில் போகலாம் என்று நினைக்காதீர்கள். வெயில் காலத்தில் ஓட்டிவிடலாம், ஜூன் பிறந்துவிட்டால் எட்டிமடை தாண்டியதுமே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியைத் தள்ளும், இங்கே வெறும் தூறலாக இருக்கும், அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம் யானை. மதுக்கரையிலிருந்து வாளையார் வரைக்கும் காட்டோரம், 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது தண்டவாளத்தில் யானை வந்தால் எச்சரிக்கிற கேமரா ஏற்பாடெல்லாம் மதுக்கரைப் பக்கம் செய்திருக்கிறார்கள், அது ரயிலுக்கு. விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பிறகும் பைக்கில் வருகிறவருக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. இரவு ஷிப்ட் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தமிழன்:

பாலக்காட்டுக்கே வந்துவிடலாமா என்று கேட்டீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன், நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். மொழிக்குப் பயப்பட வேண்டாம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்கா தமிழ் பரவலாகப் புழங்குகிற இடம், எங்கள் பக்கம் தமிழ் வழிப் பள்ளிகளே இருக்கின்றன, கடையில் பேங்கில் யாரும் உங்களை மலையாளம் பேசச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் மட்டும் என்றால், அல்லது இரண்டு பேருக்கும் இங்கே வேலை என்றால், கண்ணை மூடிக்கொண்டு வரச் சொல்வேன்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மனைவி பீளமேட்டுக்குத் தினமும் 50 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியிருக்கும். அது போகட்டும், பையன் படிப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து முடித்தால் பின்னால் இன்ஜினியரிங், மருத்துவ கவுன்சிலிங்கில் இருப்பிடச் சான்று என்று அலைய வேண்டியதில்லை. இங்கே படித்துவிட்டு அங்கே விண்ணப்பித்தால் நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். சாதிச் சான்றிதழும் அப்படித்தான், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பது கேரளாவின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பக்கமும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கவுன்சிலிங் நேரத்தில் இந்தப் பக்கம் படித்தவர்கள்தான் தாலுக்கா ஆபீஸில் நிற்கிறார்கள். நாலாம் வகுப்பு முடிக்கிற பையனுக்கு இது சரியாக யோசிக்க வேண்டிய வயசு.

லீவு விஷயத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் விடுமுறை உண்டு, ஆனால் ஒரே நாள்தான், மாட்டுப் பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போக நீங்கள் லீவு போட வேண்டியிருக்கும். ஓணத்துக்குக் கோயமுத்தூர் மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை விடுவதால் அன்றைக்குப் பையனும் வீட்டில் இருப்பான், அது நல்லது.

கோபிக்காரன்:

எல்லோரும் இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றிங்க. கம்பெனியில் கேட்டேன். இரவு ஷிப்ட் எனக்கு இல்லை, காலை எட்டரை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். வேன் சுந்தராபுரத்தில் கிளம்பி மதுக்கரை வழியாக வருகிறதாம், குனியமுத்தூர் பக்கம் வராது. பாலக்காடு யோசனையை விட்டுவிட்டோம், கவுன்சிலிங் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. மனைவி நஞ்சுண்டாபுரம் வழியைக் கேட்டதும் போத்தனூர் பக்கம் சாய்ந்துவிட்டார். மதுக்கரை எப்படி? வேன் அந்த வழியாகத்தான் வருகிறது. அப்புறம் வண்டி, வரி பற்றி யாரும் சொல்லவில்லையே.

க.க.சாவடி:

அதை நான் சொல்கிறேன், பல வருஷமாக இந்த எல்லையைத் தாண்டிப் போய் வருகிறேன்.

வருமான வரி மத்திய அரசுடையது, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். தொழில் வரி மட்டும் வேலை பார்க்கிற இடத்து உள்ளாட்சிக்குப் போகும், கஞ்சிக்கோடு என்றால் புதுசேரி ஊராட்சி (பாண்டிச்சேரி இல்லை, பாலக்காட்டுப் புதுசேரி). அரை வருஷத்துக்கு ஒரு தடவை சம்பளத்தில் பிடிப்பார்கள், வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது, இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்துக் கட்டத் தேவையில்லை. வண்டியைப் பொறுத்தவரை, ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நீங்கள் சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள், அது பொருந்தாது. முகவரிச் சான்றும் கம்பெனி அடையாள அட்டையும் வண்டியிலேயே இருக்கட்டும். ஹெல்மெட், சீட் பெல்ட் விஷயத்தில் அந்தப் பக்கம் கேமரா 2023லிருந்து சலுகை காட்டுவதில்லை, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். பெட்ரோல் தமிழ்நாட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள், அங்கே லிட்டருக்கு விலை அதிகம்.

காரில் போகிற நாளுக்குப் பாம்பாம்பள்ளம் டோல் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருஷப் பாஸ் 200 தடவைக்குத்தான், தினமும் போக வர என்றால் நூறு வேலை நாளில் தீர்ந்துவிடும், அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு வாங்குங்கள். டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறவர்களுக்கு மாதப் பாஸ் தனியாக உண்டு, எட்டிமடை, சாவடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது உதவும். வேன் இருக்கும்போது உங்களுக்கு இதெல்லாம் எப்போதாவதுதான்.

எல்லை என்று ஒன்று இருப்பது சாதாரண நாளில் தெரியாது. கேரளாவில் ஹர்த்தால் (முழு அடைப்பு) என்றால் தெரியும், நம் பஸ் வாளையாரோடு நின்றுவிடும், அந்த மாதிரி நாளுக்கு வேன் வருமா, சம்பளம் பிடிப்பார்களா என்று ஹெச்ஆரிடம் கேட்டு வையுங்கள். 2020ல் கொரோனா நேரத்தில் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாக பாஸ் வாங்க வேண்டியிருந்தது, வாளையாரில் ஜனங்கள் வெயிலில் மணிக்கணக்காக நின்றார்கள். நிபா பரவினாலும் சுகாதாரத்துறை ஆட்கள் அங்கே மேசை போட்டுவிடுவார்கள். அதற்காகப் பயந்து வேலையை விட வேண்டியதில்லை, ஆனால் அந்த மாதிரி நேரத்தில் பையனும் மனைவியும் ஒரு பக்கமும் நீங்கள் இன்னொரு பக்கமும் மாட்டாமல் இருக்க, வீடு தமிழ்நாட்டில் இருப்பதுதான் நிம்மதி.

மதுக்கரை உங்களுக்கு நல்ல இடம்தான், நகராட்சி ஆகிவிட்டது, வாடகையும் போத்தனூரை விடக் குறைவாகக் கிடைக்கும். சிமெண்ட் ஃபேக்டரிக்குப் பக்கத்துத் தெருக்களில் தூசி பாருங்கள். ஆனால் உங்கள் மனைவிக்கு அங்கிருந்து பீளமேடு தூரம், அதனால் நான் வற்புறுத்த மாட்டேன்.

போத்தனூர்வாசி:

வேன் சுந்தராபுரத்தில் கிளம்புகிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சுந்தராபுரத்துக்கும் போத்தனூர் ஸ்டேஷனுக்கும் நடுவில் பாருங்கள், வெள்ளலூரிலிருந்து தள்ளியும் இருக்கும், காலையில் பைக்கை வேன் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம், வேன் தவறினால் ரயிலும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். முதல் வருஷம் வாடகைக்கே இருங்கள், இடம் வாங்கும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள்.

வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்பதை விட எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறதா என்று. இந்தப் பக்கத்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் தண்ணீரில் வித்தியாசம் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் சாயங்காலமாக வாருங்கள், எனக்குத் தெரிந்த இரண்டு வீடு காலியாக இருக்கிறது, கூட வந்து காட்டுகிறேன். தனிச் செய்தியில் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

கோவைப்புதூர் அம்மிணி:

சரி, போத்தனூரே இருக்கட்டும். வீட்டை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் மனைவியை ஒரு வேலை நாள் காலையில் அங்கிருந்து நஞ்சுண்டாபுரம் வழியாகப் பீளமேடு வரைக்கும் ஒரு தடவை வண்டியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ரோடு காலியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஐந்தாம் வகுப்பு அட்மிஷனும் சீக்கிரம் முடிந்துவிடும், வீடு பிடிப்பதற்கு முன்பே ஸ்கூலில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.