அம்மா கையில பட்டன் போன், புயல் எச்சரிக்கை மெசேஜ் அதுல வருமா?

கடியபட்டணத்தான்:
நான் குவைத்ல இருக்கேன். ஊர்ல அம்மாவும் தம்பியும் மட்டும்தான், தம்பி வள்ளத்துக்கு போறவன், ராத்திரி போனா காலைலதான் கரைக்கு வருவான். 2023ல எல்லாரு போன்லயும் சைரன் மாதிரி கத்திக்கிட்டு ஒரு டெஸ்ட் மெசேஜ் வந்துச்சுல்லா, பக்கத்து வீட்லலாம் வந்துச்சாம், அம்மா போன்ல ஒண்ணும் வரல. பட்டன் போனுங்கறதால வரலையா, இல்ல சிம்முக்கு ஏதாவது பதிஞ்சு குடுக்கணுமா? சாதா எஸ்எம்எஸ்ஸாவது வருமா? டச் போன் வாங்கி குடுத்தா தொடவே மாட்டேங்கறாங்க, அது பீரோல கிடக்கு.

செல்கடை நாகர்கோவில்:
மக்கா அது ரெண்டும் வேற வேற. சைரன் அடிச்சது செல் பிராட்காஸ்ட், அது நம்பரே பாக்காது, டவருக்கு கீழ இருக்க போனுக்கெல்லாம் ஒரே நேரத்துல போயிரும், ஆனா போன்ல அந்த வசதி இருக்கணும், பழைய பட்டன் மாடல் நிறையத்துல அது இருக்காது இல்லன்னா ஆஃப்ல கிடக்கும். எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பருக்கா போறது, லட்சக்கணக்குல அனுப்பும்போது சிலருக்கு லேட்டாகும், ஆனா எந்த டப்பா போன்லயும் வரும். ஒண்ணும் பதிய வேண்டாம்.

ஆனா முக்கியமா இன்பாக்ஸ பாக்க சொல்லுங்க. கடைக்கு வர்ற வயசானவங்க போன எடுத்து பாத்தா ரீசார்ஜ் ஆஃபர், லோன் மெசேஜ்னு ரொம்பி வழியும், பழைய போன்ல இடம் இல்லன்னா புதுசு உள்ளயே வராது. அப்புறம் தமிழ் எழுத்து இல்லாத மாடல்னா கட்டம் கட்டமா தெரியும். இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்க்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான், அதனால நீட்டா எழுதுன எச்சரிக்கை சில போன்ல துண்டு துண்டா வந்து விழும், எது முதல்லன்னே தெரியாது.

தூத்தூர் பய:
அம்மாவுக்கு வந்துரும் சரி, தம்பிக்கு? ஒக்கி புயல் வந்தப்ப, 2017 நவம்பர் 30, எங்க பக்கத்து ஆளுங்க பல பேரு அதுக்கு முன்னாடியே நாள் கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கு போயிட்டாங்க, கரை கண்ணுக்கு மறைஞ்சா டவரும் மறைஞ்சிரும், அதுக்கப்புறம் நூறு எஸ்எம்எஸ் அனுப்புனாலும் சும்மாதான். போட்ல வயர்லெஸ் செட்டு வேணும். 2019ல ஜெமினின்னு ஒரு பெட்டி கொண்டு வந்தாங்க, சாட்டிலைட்ல வர்ற எச்சரிக்கைய வாங்கி புளூடூத்ல போனுக்கு குடுக்கும், ஆனா நாம திருப்பி பேச முடியாது. நாம ஆபத்துன்னு அனுப்புனா கரைல இருந்து பதிலும் வர்ற மாதிரி கருவி இஸ்ரோ 2024லதான் விட்டாங்க.

பேச்சிப்பாறை தண்ணி:
எனக்கு இந்த மெசேஜ் மேல பெருசா நம்பிக்கை இல்ல. லேசான மழை, மிதமான மழைன்னு நாளுக்கு நாலு வந்தா எவன் படிப்பான்? டேம் தொறக்க போறான்னா நேரத்தையும் எந்த ஊரு எந்த கரைன்னும் போட்டு ஒரே ஒரு மெசேஜ் வரட்டும், குழித்துறை ஆத்துல குளிக்க எறங்குதவன் ஏறி வருவான்.

செல்கடை நாகர்கோவில்:
அது நியாயம்தான் அண்ணாச்சி, ஆனா கள்ளக்கடலுக்கு என்ன செய்வீங்க? காத்து இருக்காது மழை இருக்காது, தெக்க ரொம்ப தூரத்துல எழும்புன அலை இங்க வந்து அடிக்கும், வானத்த பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே 6ல கணபதிபுரம் லெமூர் பீச்ல 5 மருத்துவ மாணவங்க உயிர் போனது அதுலதான், எச்சரிக்கை இருந்துச்சு, பீச்சுக்கு வந்தவங்க கைக்கு போய் சேரல. இதுக்குத்தான் டவர் பாத்து அடிக்கிற சைரன் வேணும், வெளியூர் நம்பரா இருந்தாலும் கத்தும்லா.

குவைத் தம்பி, நீங்க ஒண்ணு செய்யலாம். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட சச்சேத் ஆப்ப போட்டு கன்னியாகுமரி மாவட்டத்த சேத்து வைங்க, எச்சரிக்கை வந்தா அம்மாவுக்கு கால் அடிங்க. கால் போகலன்னா விடாம எஸ்எம்எஸ் போட்டு வைங்க, சிக்னல் ஒரு நிமிஷம் வந்தாலும் போய் விழுந்துரும். 1077 மாவட்ட கன்ட்ரோல் ரூம், 1554 கோஸ்ட் கார்டு, ரெண்டையும் உங்க தம்பி போன்ல ஏத்திருங்க.

கடியபட்டணத்தான்:
அத்தை மவள விட்டு பாக்க சொன்னேன், இன்பாக்ஸ் ஃபுல்லாதான் இருந்துச்சாம், அழிச்சாச்சு. நம்ம ஊர்ல எச்சரிக்கைன்னா கோயில் மைக்ல சொல்லிருவாங்க, அம்மா அதத்தான் நம்பிட்டு இருக்காங்க, ஆனா கரண்ட் போச்சுன்னா மைக்கும் போச்சே. தூத்தூர் அண்ணே, சின்ன வள்ளத்துக்கு கையில வச்சிக்கற வயர்லெஸ் செட்டு போதுமா?

தூத்தூர் பய:
ராத்திரி போய் காலைல வர்றவனுக்கு போதும், தண்ணி புகாத மாடலா பாத்து வாங்கு. ஆபத்து நேரத்துக்குன்னு இருக்க சானல் 16ஐ ஆஃப் பண்ணாம வச்சிருக்க சொல்லு, அதுல பாட்டு போட்டு வெளாடுற பயலுவ உண்டு, அவன கண்டுக்க வேண்டாம்.