ரெக்கார்டு லிங்கேஜ்: ‘பதிவுப் பிணைப்பு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு இடங்களில் உள்ள பதிவுகளைக் கண்டு ஒன்றுசேர்ப்பதுதான் ‘ரெக்கார்டு லிங்கேஜ்’. அதற்கு நீங்கள் முன்வைத்த ‘பதிவு இணைப்பு’ எனக்கு நிறைவளிக்கவில்லை. மின்னஞ்சலோடு கோப்பு அனுப்பினாலும் இணைப்பு, குடிநீர்க் குழாய்க்கும் இணைப்பு. 1946இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹால்பர்ட் டன் அந்த ஆங்கிலச் சொல்லைக் கையாண்டபோது, ஒவ்வொருவர் வாழ்வையும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு நூலாகப் பார்த்தார். அதன் பக்கங்களைச் சேர்த்துக் கட்டும் வேலைக்கே அந்தப் பெயர். எந்தப் பக்கம் யாருடையது என்று தீர்மானிப்பதில்தான் பாடு முழுவதும் இருக்கிறது.

கடல்கடந்து போன முன்னோரை நம் வட ஆற்காட்டில் தேடுவோருக்கு அது தெரியும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் பொதுவாக இருக்கும். ஆளுக்கு ஓர் எண்ணும் உண்டு. டர்பனில் இறங்கியபின் அதை வைத்தே தொடரலாம். இங்கே நம் ஊர்ப் பதிவுகளில் அந்த எண் கிடையாது. இங்கே முனுசாமி, அங்கே மூன்சாமி. பேரன்களுக்கு அதுவே குடும்பப்பெயர். ‘வட ஆற்காடு’ என்றிருக்கிறதே என்று வேலூரில் மட்டும் தேடினால் போதாது. சித்தூர் 1911இல் தனி மாவட்டமாயிற்று. போளூரும் வந்தவாசியும் 1989இல் திருவண்ணாமலையோடு போயின. வாலாஜா 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம்.

நூல் என்றதும் எனக்கு இழைதான் முதலில் தோன்றும். குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறியில் பாவு (நீளவாட்டில் ஓடும் இழைகள்) தீர்ந்தால், பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவார்கள். அதைப் பிணைப்பது என்போம். ஓர் இழை மாறிச் சேர்ந்துவிட்டால் அந்தப் பாவு முடியும்வரை பிழை ஓடும். வேறொரு முனுசாமியைப் பாட்டனாக்கிக்கொண்டால், அவருக்கு மேலுள்ள தலைமுறை அத்தனையும் வேறொரு வீட்டுடையது.

ஆகவே ‘பதிவுப் பிணைப்பு’ என்கிறேன். ‘பிணைத்தேன்’ என வினையாகவும் வரும். தவறாகச் சேர்த்தது பிழைப்பிணைப்பு, உறுதிப்படாதது ஐயப்பிணைப்பு என்று கிளைக்கும்.

கூலிகளாய்ப் போனவர்களைப் பற்றிய ஆய்வில் ‘பிணை’ கொத்தடிமையை நினைவூட்டும் என்று அக்கா எழுதியது என் நெஞ்சில் தைத்தது. அதற்காகவே ‘பதிவு’ என்பது எப்போதும் முன்னால் நிற்கட்டும். நாம் பிணைப்பது தாள்களை மட்டும்.

உறுதிப்படாத உறவைக் கொடிவழிப் படத்தில் புள்ளிக்கோடாக வரைந்து, மேலே ‘ஐயப்பிணைப்பு’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு விளங்குமா? பார்த்துச் சொல்லுங்கள்.