வாக்குவம் டேங்க்: வெற்றிடத் தேக்கியா, இழுப்புக் கலனா?

> வெற்றிடத் தேக்கி என்றே வைத்துவிடலாம். வெற்றிடம் பாடநூலில் இருக்கிறது, தேக்கம் அணையில் இருக்கிறது.

அண்ணாச்சி, வணக்கம்.

வாக்குவம் டேங்க் என்பது இஞ்சினின் இழுப்பைப் பிடித்துவைக்கிற கலன். அதற்குத் தமிழில் வெற்றிடத் தேக்கி என்று வைக்கலாம் என்கிறீர்கள், எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. அப்படி ஒன்றைக் கையால் செய்து மாட்டிய பிறகுதான் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் வில்லிஸ் ஜீப். வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது, இஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பில்தான் ஆடும். முன்பு வைத்திருந்தவர் வைப்பருக்கென்றே உறிஞ்சும் பகுதி கொண்ட பம்பைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பெட்ரோல் பம்பைப் போட்டு, வைப்பர் குழாயை நேராக இன்டேக் மேனிபோல்டில், அதாவது இஞ்சினுக்குள் காற்று போகிற குழாயில், சொருகிவிட்டார். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது மழை பிடித்தால் தொல்லைதான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் மேனிபோல்டில் காற்று நிறைந்து, வைப்பர் கண்ணாடி நடுவில் அப்படியே நின்றுவிடும். காலை எடுத்தால் ஆடும். ஏற்றத்தில் எப்படிக் காலை எடுப்பது?

அதனால் டேங்க் ஒன்று செய்ய, 4 அங்குல இரும்புக் குழாயில் ஓரடி நறுக்கி, இருபக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்தோம். கொள்ளளவு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வரும். மேனிபோல்டுக்கும் அதற்கும் நடுவில் ஒருவழி வால்வு; கலனிலிருந்து காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. ஐடிலிங்கில் மானி 18 அங்குலம் காட்டியது, அதாவது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட 18 அங்குலப் பாதரசம் குறைவு. இஞ்சினை நிறுத்தியதும் முள் மெல்ல இறங்கிவிட்டது. பாளையங்கோட்டைப் பட்டறைக்காரர் உடனே சொன்னார்: “இழுப்பு நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி.” பற்றவைப்பின் மேல் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் மட்டும் நுரை குழிந்து உள்ளே போய் மறைந்தது. ஊசிமுனை அளவு ஓட்டை. அதை அடைத்த பின் முள் அசையவில்லை. இப்போது மிதித்த பிறகும் வைப்பர் ஏழெட்டு வீச்சு ஆடுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலப் பாதரசம். அதில் 18 போனாலும் ஐந்தில் இரண்டு பங்கு காற்று கலனுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெற்றிடம் என்பது தவறு. தேக்கி என்றால் உள்ளே ஏதோ வந்து நிறைகிறது என்று படிப்பவர் நினைப்பார். இங்கே நடப்பது நேர்மாறு.

உறிகலன் என்று முதலில் நானும் யோசித்தேன். நம் ஊரில் உறி என்றால் வெண்ணெய்ப் பானை தொங்குவதுதான் நினைவுக்கு வரும், விட்டுவிட்டேன். தம்பி ஒருவர் தாமிரபரணியில் உள்ள நதியுண்ணி அணைக்கட்டின் பெயரை வைத்து வளியுண்ணி என்றார். அழகான சொல், படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் காற்றை உண்பது இஞ்சின், கலன் அல்ல. அப்புறம், மாட்டில் ஒட்டும் உண்ணியும் கூடவே வந்துவிடும்.

பட்டறைக்காரர் வாயில் வந்த இழுப்பு என்ற சொல்லே போதும் என்பது என் முடிவு. இழுப்புக் கலன். மூச்சிரைப்பையும் இழுப்பு என்கிறோமே என்று அக்கா கேட்டிருந்தார்கள். அதுவும் காற்றை இழுக்கப் படும் பாடுதானே, அதனால் குழப்பம் வராது. இழுப்புமானி, இழுப்புக் குழாய் என்று மற்ற உறுப்புகளுக்கும் சொல் தானாகவே கிடைக்கிறது. பிரேக்கை மிதிக்க எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வைக்கிற கலனுக்கும் இதுவே பொருந்தும்.

ஒருவழி வால்வுக்கு மடை என்ற சொல்லைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மடையை ஆள் போய்த் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும். இந்த வால்வு தானாக மூடிக்கொள்வது. அதை இப்போதைக்கு ஒருவழி வால்வு என்றே விட்டுவிடுவோம்.